பதுங்கியிருக்கும் குடும்பத்துக்கு அன்றாடச் சாப்பாடு: போர்க்காலத்துக்கான வழிகாட்டி

போர் நெருங்குகிறது என்றதும் எந்தக் குடும்பமும் முதலில் தேடுவது அரிசி, மாவு மூட்டைகளைத்தான். மூட்டை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஓரிடத்தில் அடைபட்டுக் கிடக்கும்போது தானியம் தீர்வதற்கு முன்பே தண்ணீர் தீர்ந்துவிடலாம், அல்லது அடுப்பு மூட்ட வழியில்லாமல் போகலாம். அப்போது மூட்டை கண்முன்னே இருந்தும் பிள்ளைகள் பசியோடு படுப்பார்கள். அதனால் திட்டமிடும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீர், அடுத்து நெருப்பு, அதற்கப்புறம் உணவு.

தொடங்கும் முன் உங்கள் நிலைமை எது என்று பாருங்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து நிலவறையிலோ பதுங்குகுழியிலோ இருப்பது ஒன்று. தேடி வருபவர்கள் கண்ணில் படாமல் ஒளிந்திருப்பது வேறொன்று. முன்னதில் நீங்கள் அங்கே இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அது உதவியாகவும் இருக்கும். பின்னதில் புகை, வாசனை, சத்தம், குப்பை என்று சாப்பாடு சம்பந்தப்பட்ட எல்லாமே காட்டிக்கொடுக்கக்கூடியவை. கீழே சொல்வதில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொருந்தும். ஒளிந்திருப்பவர்களுக்கு மட்டும் உரியதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

முதல் வேலை: தண்ணீர்

நிவாரணப் பணிகளில் பின்பற்றப்படும் ஸ்பியர் அளவுகோலின்படி, குடிப்பதற்கும் உணவுக்குமாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2.5 முதல் 3 லிட்டர் வேண்டும். சமையல், கை கழுவுதல், உடம்பைத் துடைத்துக்கொள்வது எல்லாம் சேர்த்தால் 15 லிட்டர். ஐந்து பேர் கொண்ட குடும்பம் வெறும் 3 லிட்டர் வீதம் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கவே 210 லிட்டர் தேவை. இதைச் சுமந்துகொண்டு ஓட முடியாது. ஆகவே பதுங்க இடம் தேர்ந்தெடுக்கும்போதே, தண்ணீர் எங்கிருந்து வரும், அதை எடுக்க எவ்வளவு நேரம் வெளியில் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் முற்றுகையின்போது, 1993 ஜூலையில், அந்நகரின் டோப்ரின்யா பகுதியில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் மீதே குண்டு விழுந்தது. வரிசையில் நிற்க வேண்டியிருந்தால் குடும்பத்திலிருந்து ஒருவர் மட்டும் போகட்டும். பிள்ளைகளைக் கூட அழைத்துப் போக வேண்டாம்.

குழாயில் தண்ணீர் வரும் வரை, இருக்கும் எல்லாப் பாத்திரத்திலும் பிடித்து மூடி வையுங்கள். குடிநீர்ப் பாத்திரத்துக்குள் யாருடைய கையும் போகக் கூடாது. நீளக் காம்புள்ள அகப்பை ஒன்றை அதற்கென்றே ஒதுக்குங்கள், அல்லது குழாய் வைத்த பாத்திரமாகப் பாருங்கள். சேமித்த தண்ணீர் கெடுவது பெரும்பாலும் கையால்தான்.

சுத்தம் செய்ய மூன்று வழிகள் உண்டு. கொதிக்கவைப்பதென்றால், தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் மூன்று நிமிடம். பலர் பத்து, பதினைந்து நிமிடம் கொதிக்கவிடுகிறார்கள், அது வீணாகும் விறகு. இரண்டாவது, வாசனை சேர்க்காத சாதாரண வீட்டு ப்ளீச் திரவம். குளோரின் அளவு 5 முதல் 9 சதவீதம் என்று போட்டிருந்தால் தெளிந்த தண்ணீர் லிட்டருக்கு 2 சொட்டு, கலங்கலாக இருந்தால் 4 சொட்டு. கலக்கி அரை மணி நேரம் விட்ட பிறகு லேசாகக் குளோரின் வாசனை வர வேண்டும். மூன்றாவது வழிக்கு நெருப்பும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். நிறமற்ற, கீறல் இல்லாத 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி, நல்ல வெயிலில் 6 மணி நேரம் படுக்கவைக்கலாம். மேகமூட்டமென்றால் இரண்டு நாள். ஒளிந்திருப்பவர்கள் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் வெயில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கலங்கல் தண்ணீர் எதுவானாலும் முதலில் நாலு மடிப்புத் துணியில் வடிகட்டுங்கள். எண்ணெய் வாடை, மருந்து வாடை அடிக்கும் தண்ணீரை இந்த மூன்று முறைகளும் காப்பாற்றாது. அதைக் குடிக்க வேண்டாம்.

ஒருமுறை பயன்படுத்திய தண்ணீர் இன்னொரு வேலைக்கு ஆகும். வேகவைத்த தண்ணீர் சத்துள்ளது, அதைக் குடித்துவிடுங்கள். தானியம் கழுவிய தண்ணீரில் தட்டுகளை முதல் அலசு அலசலாம். அந்த அழுக்குத் தண்ணீர் கழிவறைக்குப் போகட்டும். குடும்பத்தில் எல்லோருக்கும் இந்த வரிசை மனப்பாடமாக இருக்க வேண்டும்.

நெருப்பு

புதிதாகத் திட்டமிடுவோர் அதிகம் கவனிக்காத இடம் இது. எரிவாயுவோ மண்ணெண்ணெயோ விறகோ, எதுவும் நீங்கள் நினைப்பதைவிட வேகமாகத் தீரும். அதைவிட முக்கியமான ஓர் எச்சரிக்கை: மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்கி, தூக்கத்திலேயே குடும்பம் முழுவதையும் கொன்றுவிடும். எதிரெதிராக இரண்டு திறப்புகளாவது இல்லாத இடத்தில் எந்த அடுப்பும் வேண்டாம். திறந்தால் ஆபத்து, திறக்காவிட்டாலும் ஆபத்து என்ற நிலை வந்தால், அன்று நெருப்பில்லாத சாப்பாடுதான்.

அதற்காகத்தான், நேரம் இருக்கும்போதே தானியத்தையும் பருப்பையும் நிலக்கடலையையும் வறுத்து மாவாக அரைத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நன்றாக வறுத்த மாவு ஏற்கெனவே வெந்ததுதான். வெந்நீர் கிடைத்தால் கஞ்சியாகக் கரைக்கலாம். இல்லையென்றால் சுத்தமான தண்ணீரில் சர்க்கரையும் துளி எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து உருண்டையாகக் கொடுக்கலாம். வாசனை கிடையாது, சத்தம் கிடையாது, பல் இல்லாத பெரியவரும் சாப்பிடுவார். மொத்தக் கையிருப்பில் கால் பங்காவது இப்படி நெருப்பில்லாமல் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும். கடலை, உலர்பழம், ரொட்டி, டின் உணவு எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

அடுப்பு மூட்ட முடிகிற நாட்களில், பாதி வெந்ததை இறக்கிப் போர்த்தி வைக்கும் முறையைப் பழகுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் வைக்கோல் அடைத்த பெட்டிகளில் இப்படிச் சமைத்தார்கள். ஊறவைத்த தானியத்தை மூடிபோட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். மூடியைத் திறக்காமல் அப்படியே தூக்கி, கம்பளியோ பழைய துணியோ கசக்கிய காகிதமோ அடைத்த பெட்டிக்குள் வைத்து, மேலேயும் தடிமனாகப் போர்த்துங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அரிசி தானாக வெந்திருக்கும். பருப்பு, பயறு வகைகளை முதல்நாள் இரவே ஊறவைத்து, பத்து நிமிடம் நன்கு கொதிக்கவிட்ட பிறகு நாலைந்து மணி நேரம் போர்த்தி வைக்கலாம். பாத்திரம் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருந்தால்தான் சூடு நிற்கும். எடுத்ததும் ஆவி பறக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் மறுபடி ஒரு கொதி விட்டுத்தான் பரிமாற வேண்டும். ராஜ்மா போன்ற பெரிய சிவப்பு மொச்சை வகைகளை மட்டும், பத்து நிமிடம் முழுக் கொதி கொதிக்காமல் இந்த முறைக்கு விடாதீர்கள். அரைவேக்காடாக இருந்தால் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

ஒளிந்திருப்பவர்களுக்கு இன்னும் சில. அக்கம்பக்கத்து வீடுகள் சமைக்கும் நேரத்திலேயே நீங்களும் சமையுங்கள். பல புகைகளில் ஒரு புகை தனியாகத் தெரியாது. ஆளில்லாத வீடு என்று ஊர் நம்பும் இடத்தில் இருந்தால் அதுவும் கூடாது. இரவில் புகை தெரியாது, ஆனால் தணல் தெரியும். வதக்குவது, பொரிப்பது, வறுப்பது மூன்றும் தூரம்வரை வாசனை பரப்பும். வேகவைப்பது அப்படியில்லை. குக்கர் வேண்டாம், அந்த விசில் சுவர்களைத் தாண்டிக் கேட்கும். உரல், அம்மி, தட்டிவிழும் எவர்சில்வர் தட்டு எல்லாமே சத்தம்தான். ஆம்ஸ்டர்டாமில் 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை ஒரு வணிகக் கட்டடத்தின் பின்பகுதியில், நாஜிகளிடமிருந்து தப்ப யூதர்கள் எட்டுப் பேர் ஒளிந்திருந்தார்கள். கீழே கிடங்கில் ஆட்கள் வேலை செய்யும் நேரத்தில் குழாயைத் திறப்பதையும் கழிவறையில் தண்ணீர் விடுவதையும் தவிர்த்தார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு மௌன நேரம் இருக்குமானால், தண்ணீர் பிடிப்பது, கழுவுவது, சமைப்பது எல்லாவற்றையும் அதற்கு முன்போ பின்போ முடிக்கும்படி நாளை வகுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வேண்டும்

நெருக்கடிக் காலத்தில் சிறியவர், பெரியவர் எல்லோரையும் சேர்த்து ஒருவருக்குச் சராசரியாக நாளைக்கு 2,100 கிலோகலோரி என்று நிவாரண அமைப்புகள் கணக்கிடுகின்றன. அதை வீட்டுச் சாமானாக மாற்றினால் கிட்டத்தட்ட இப்படி வரும்: தானியம் 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 30 கிராம், நிலக்கடலை 30 கிராம், சர்க்கரை 20 கிராம், உப்பு 5 கிராம். ஐந்து பேருக்கு 30 நாளைக்கு என்றால் தானியம் 60 கிலோ, பருப்பு 9 கிலோ, எண்ணெய் 5 லிட்டருக்குச் சற்றுக் குறைவு, நிலக்கடலை நாலரைக் கிலோ, சர்க்கரை 3 கிலோ, உப்பு முக்கால் கிலோ. அயோடின் சேர்த்த உப்பாக இருக்கட்டும்.

இடம் குறைவு என்றால் எண்ணெயையும் கடலையையும் கூட்டுங்கள். 100 கிராம் தானியம் தருவது ஏறத்தாழ 350 கிலோகலோரி. அதே எடை எண்ணெய் கிட்டத்தட்ட 900, நிலக்கடலை 560க்கு மேல். எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய பையில் இவை இரண்டும்தான் முதலில் போக வேண்டும். தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் மாதக்கணக்கில் சாப்பிட்டால் பி1 சத்து குறைந்து பெரிபெரி வரும். ஆகவே புழுங்கலரிசியும் பருப்பும் கலந்தே இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். பதுங்குமிடத்தில் ஒரு பங்கு, வேறோரிடத்தில் ஒரு பங்கு, வாசலருகே மூன்று நாளுக்கான ஒரு பை. ஒரு குண்டோ ஒரு சோதனையோ அவ்வளவையும் பறித்துவிடக் கூடாது. தரையில் படாமல், சுவரில் ஒட்டாமல், எலி நுழையாத தகர டப்பாவில் வையுங்கள். உப்பிய டின்னைத் திறக்கவே வேண்டாம், ருசி பார்க்கவும் வேண்டாம்.

எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. என் கருத்து, வெளியே போகும் வழி அடைபட்ட முதல் நாளிலிருந்தே பெரியவர்களின் தானியத்தை முக்கால் பங்காகக் குறைத்துவிடுவது நல்லது. மூன்று வாரம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நான்காம் வாரம் பட்டினி கிடப்பதைவிட உடம்பு இதைத் தாங்கும். குறைக்கக் கூடாதவர்கள் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், நோயாளிகள். நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாடு குறைந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். நேரம் இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளியின் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் சர்க்கரை இருக்கட்டும்.

பங்கு போடுவது

குறைவான சாப்பாடு மனதை என்ன செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் மினசோட்டாவில் 1944 இறுதி முதல் 1945 வரை நடந்த ஓர் ஆய்வில், தாமாக முன்வந்த 36 ஆண்களுக்கு 24 வாரங்கள் நாளைக்குச் சுமார் 1,570 கிலோகலோரிதான் கொடுத்தார்கள். எடையில் ஏறக்குறைய கால்பங்கு போயிற்று. அதோடு எரிச்சல், சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டையே நினைப்பது, சமையல் புத்தகங்களைப் புரட்டுவது என்று ஆனார்கள். அவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள், அவர்களைச் சுற்றிப் போரும் இல்லை. பதுங்கியிருக்கும் இடத்தில் ஒரு துண்டு ரொட்டிக்காக அண்ணன் தம்பிகள் முறைத்துக்கொண்டால் அது குணக்கேடு இல்லை, பசி. அதைப் பசியாகவே பார்த்து, முறை ஒன்றை முன்பே வகுத்துவிடுங்கள்.

கையிருப்புக் கணக்கு ஒருவர் பொறுப்பு. தினமும் அளந்து எடுத்து, மீதியை எழுதி வைப்பது அவர் வேலை. பரிமாறுவது எல்லோர் கண்முன்னும் நடக்க வேண்டும். அளவுக்கு ஒரே டம்ளர், அதைக் கடைசிவரை மாற்றக் கூடாது. ரொட்டி போன்றவற்றை, போர்முனையிலும் கைதி முகாம்களிலும் செய்தது போலப் பங்கிடலாம்: ஒருவர் துண்டு போடுவார், இன்னொருவர் திரும்பி நின்றுகொள்வார். ஒவ்வொரு துண்டாகத் தொட்டு ‘இது யாருக்கு?’ என்று கேட்க, பார்க்காமலேயே பெயர் சொல்வார். இரண்டு குடும்பங்கள் ஒரே இடத்தில் இருந்தால் இந்த முறை மிகவும் உதவும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அம்மாதான் கடைசியில் சாப்பிடுவார். பற்றாக்குறையில் ‘எனக்குப் பசிக்கவில்லை’ என்று தன் பங்கைப் பிள்ளைகள் தட்டில் போட்டுவிடுவார். பாட்டிகளும் அப்படியே. இதை விடாதீர்கள். தண்ணீர் சுமப்பதும் அடுப்பு பார்ப்பதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அவர்தான் என்றால், அவர் விழுந்தால் குடும்பமே நிற்காது. அம்மாவின் தட்டும் மற்றத் தட்டுகளோடு ஒரே நேரத்தில் வைக்கப்பட வேண்டும், அவர் சாப்பிட்டு முடிப்பதை யாராவது ஒருவர் பார்க்க வேண்டும்.

வேளை தவறாமல் சாப்பிடுங்கள், அளவு குறைவாக இருந்தாலும். இருட்டறையில் நாளும் பொழுதும் தெரியாமல் போகும். காலையில் கஞ்சி, பொழுது சாயச் சூடான ஒரு வேளை, நடுவில் ஒரு பிடி கடலை என்றிருந்தால் பிள்ளைகளுக்கு அடுத்த வேளை எப்போது என்று தெரியும், நச்சரிப்பும் குறையும். குளிர்பதனப் பெட்டி இல்லாத இடத்தில் ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் சமையுங்கள். சமைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடக்க வேண்டாம், நல்ல வெக்கையென்றால் ஒரு மணி நேரம். சோற்றைப் பிறகு சூடாக்கினாலும் அதற்குள் கிருமி விட்ட நஞ்சு போகாது. கை கழுவ சோப்பு தீர்ந்தால் விறகுச் சாம்பல் ஆகும்.

இருட்டிலும் முளைக்கும்

காயும் பழமும் இல்லாமல் ஒன்றிரண்டு மாதம் போனால் ஈறில் ரத்தம் கசியத் தொடங்கும். இரண்டாம் உலகப் போரில் ரஷ்ய நகரமான லெனின்கிராட் முற்றுகையிடப்பட்டபோது வைட்டமின் சிக்காக ஊசியிலை மரத்தின் இலைகளை ஊறவைத்துக் குடித்தார்கள். உங்களுக்கு அதைவிட எளிதான வழி முளைப்பயறு. காய்ந்த பயறில் அநேகமாக இல்லாத வைட்டமின் சி, முளைவிடும்போது உண்டாகிறது. வெயில் வேண்டாம், மண் வேண்டாம், நெருப்பு வேண்டாம். ஆளுக்கு இரண்டு பிடி முழுப் பயறை இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். காலையும் மாலையும் சுத்தமான தண்ணீரில் அலசுங்கள். இரண்டு, மூன்று நாளில் முளை நீண்டிருக்கும். உடைத்த பருப்பு முளைக்காது என்பதால் கையிருப்பிலேயே ஒரு பங்கு முழுப் பயறாக வாங்க வேண்டும். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், நோயாளிகளுக்குப் பச்சையாகக் கொடுக்காமல் ஒரு கொதி காட்டிக் கொடுங்கள். கெட்ட வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். தண்ணீர் மிகவும் முட்டுப்பாடாக இருக்கும் வாரத்தில் இதை நிறுத்திவைக்கலாம்.

கைக்குழந்தைகள்

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பயத்தில் பால் வற்றிவிட்டது என்று பலர் நம்பி, கிடைத்த பால்பவுடரைக் கரைக்கத் தொடங்குகிறார்கள். பயமும் அதிர்ச்சியும் பால் சுரந்து இறங்குவதைச் சற்றுத் தாமதப்படுத்தலாம். பால் உற்பத்தி நின்றுவிடாது. குழந்தை அடிக்கடி சப்பச் சப்பப் பால் வரும். தாயைச் சாய்ந்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, குழந்தையைத் தோலோடு தோல் ஒட்ட வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாப்பாடு குறைந்த தாயாலும் பாலூட்ட முடியும், ஆனால் அவர் உடம்பு கரையும். அதனால் அவருக்கு நாளைக்குக் கூடுதலாக 500 கிலோகலோரி, அதாவது ஒரு பிடி கடலையும் இன்னொரு கிண்ணம் கஞ்சியும் ஒரு கரண்டி எண்ணெயும் ஒதுக்குங்கள். கட்டாயம் பால்பவுடர்தான் என்றால் கொதித்த தண்ணீரில், டப்பாவில் போட்ட அளவில் கரைத்து, பாட்டிலுக்குப் பதில் சிறு கிண்ணத்தால் ஊட்டுங்கள். பாட்டிலையும் ரப்பரையும் அந்த இடத்தில் சுத்தமாக வைத்திருக்க முடியாது.

ஆறு மாதத்துக்கு மேல் கஞ்சி கரண்டியில் நிற்கும் அளவுக்குக் கெட்டியாக வேண்டும். தண்ணீராக ஓடும் கஞ்சி வயிற்றை நிரப்பும், உடம்பில் ஒட்டாது. அதில் ஒரு சிறு கரண்டி எண்ணெய் சேர்த்தால் அதே வயிற்றில் கூடுதல் சத்துப் போகும். ஒன்பது மாதத்துக்குப் பிறகு நாளைக்கு மூன்று, நான்கு முறை.

ஒளிந்திருக்கும் இடத்தில் குழந்தை அழுதால் எல்லோர் உயிருக்கும் ஆபத்து, இது உண்மைதான். அதற்காகத் தூக்க மருந்தோ இருமல் மருந்தோ சாராயமோ கொடுத்துவிடாதீர்கள். மூச்சு நின்றுவிடக்கூடும். மார்பில் போட்டுக்கொள்வதுதான் குழந்தையை அமைதியாக்கும் நிச்சயமான வழி. ஆபத்தான நேரம் முன்பே தெரியுமென்றால், அதற்குச் சற்று முன் பால் கொடுத்துத் தூங்கவையுங்கள்.

ஒரு நாடாவில் 11.5 சென்டிமீட்டரிலும் 12.5 சென்டிமீட்டரிலும் கோடு போட்டு வைத்திருங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தையின் இடது மேல்கையின் நடுவில் வாரம் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். 12.5க்குக் கீழே வந்தால் அந்தக் குழந்தைக்குப் பங்கைக் கூட்டுங்கள். 11.5க்குக் கீழே போனாலோ, இரண்டு பாதமும் வீங்கி அழுத்தினால் குழி விழுந்தாலோ உயிருக்கே ஆபத்து. எப்பாடுபட்டாவது மருத்துவ உதவி தேட வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பாட்டையும் பாலையும் நிறுத்தாதீர்கள். சுத்தமான தண்ணீர் 1 லிட்டர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. இதைக் கலந்து, ஒவ்வொரு முறை போனபின்பும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, பெரிய பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி, சிறிது சிறிதாகக் கொடுங்கள். உப்பு கூடிவிட்டால் தீங்கு, அளவைக் கண்ணளவாக விடாதீர்கள். இதற்கான சர்க்கரையும் உப்பும் ஒரு பொட்டலத்தில் தனியாகக் கட்டி, யாரும் தொடாமல் இருக்க வேண்டும்.

வெளியிலிருந்து கொண்டுவருபவர்

பங்கீட்டு அட்டை முறை இருக்கும் நாட்டில், பெயர் வெளியே சொல்ல முடியாதவர்களுக்கு அட்டையும் கிடையாது. ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில், ஒளிந்திருந்தவர்களுக்காக எதிர்ப்பு இயக்கத்தினர் பங்கீட்டு அலுவலகங்களைச் சூறையாடி அட்டைகளை எடுத்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் அந்த எட்டுப் பேரும் வெளியிலிருந்த நண்பர்கள் வாங்கி வந்ததைச் சாப்பிட்டே வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் காய்கறி கொடுத்த கடைக்காரர், தன் வீட்டில் வேறு இருவரை ஒளித்து வைத்ததற்காக 1944 மே மாதம் கைதானார். அன்றோடு அந்த வழி அடைபட்டது.

ஆகவே ஒரே ஆளை, ஒரே கடையை நம்பாதீர்கள். உதவுபவர் சிறு சிறு அளவாக, வெவ்வேறு இடங்களில், தன் குடும்பத்துக்கு வாங்குவது போலவே வாங்க வேண்டும். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு ஏழு பேருக்கான ரொட்டி போனால் யாராவது எண்ணிவிடுவார்கள். குப்பையும் அப்படித்தான்: காலி டின்னைத் தட்டையாக்கி வையுங்கள், தோலைக் காயவையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகட்டும். சாப்பிட்ட உடனே தட்டுகளைக் கழுவி அடுக்கிவிடுங்கள். உதவுபவர் வராமல் போகும் நாள் ஒன்று வரும். அன்று தேடிக்கொண்டு வெளியே ஓடாமல் இருக்க, பத்து நாளுக்கான உணவு எப்போதும் தொடாமல் இருக்க வேண்டும்.

பசியிலும் தின்னக் கூடாதவை

1942ல் ருமேனிய ஆட்சியிலிருந்த டிரான்ஸ்னிஸ்ட்ரியா பகுதியின் வப்னியார்க்கா முகாமில் யூதக் கைதிகளுக்குக் கேசரிப் பருப்பை அன்றாட உணவாகக் கொடுத்தார்கள். பலருக்குக் கால்கள் முடங்கிப்போயின, நிரந்தரமாக. கொஞ்சம் கலந்து எப்போதாவது சாப்பிட்டால் இல்லை. அதுவே முழு உணவாக வாரக்கணக்கில் போனால்தான் இந்த முடக்கம்.

விதைக்கென்று விற்ற தானியம் இன்னொரு ஆபத்து. 1971–72ல் இராக்கில், பாதரச மருந்து பூசிய விதைக் கோதுமையை மாவாக்கிச் சாப்பிட்டு நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். சாயம் கழுவினால் போய்விடும், மருந்து போகாது. இயற்கைக்கு மாறான நிறம் பூசிய தானியத்தை எத்தனை முறை கழுவினாலும் சமைக்க வேண்டாம். கசப்பு மரவள்ளியைச் சீவாமலும், பல நாள் ஊறவைக்காமலும், உலர்த்தாமலும் தின்றால் சயனைடு நஞ்சு உடம்பில் ஏறும். பச்சையடித்த, முளைவிட்ட உருளைக்கிழங்கில் அந்தப் பகுதிகளை ஆழமாக வெட்டி எறியுங்கள். பெயர் தெரியாத காளானைத் தொடவே வேண்டாம்.

வெளியே வந்த பின்

நாள்கணக்கில் அநேகமாக எதுவும் சாப்பிடாமல் இருந்தவருக்கு முதல் வேளையே வயிறு நிறையப் போடக் கூடாது. 1945 ஏப்ரலில் ஜெர்மனியிலிருந்த பெர்கன்-பெல்சன் நாஜி வதைமுகாம் மீட்கப்பட்டபோது, மீட்ட சிப்பாய்கள் இரக்கத்தோடு தங்கள் டின் உணவுகளைக் கொடுத்தார்கள். அந்தக் கனமான சாப்பாட்டைத் தாங்காமல் பலர் இறந்தார்கள். பட்டினி கிடந்த உடம்பில் பாஸ்பேட்டும் பி1 சத்தும் வற்றிப்போயிருக்கும். திடீரென்று மாவும் சர்க்கரையும் உள்ளே போனால் இதயம் தடுமாறும். ஐந்து நாளுக்கு மேல் பட்டினி கிடந்தவருக்கு முதல் இரண்டு நாள் வழக்கமான அளவில் பாதிக்கு மேல் வேண்டாம். நீர்த்த கஞ்சி, பால் என்று இரண்டு மணிக்கொருமுறை சிறு கிண்ணம். ஒரு வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். கால் வீக்கம், மூச்சிரைப்பு, படபடப்பு, குழப்பமான பேச்சு எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம்.

கை நாடா 11.5க்குக் கீழே காட்டிய குழந்தையை வீட்டில் கஞ்சி ஊட்டித் தேற்ற முயல வேண்டாம். சிகிச்சை மையத்தில் கொடுக்கும் நிலக்கடலைப் பசை, 92 கிராம் பொட்டலத்தில் 500 கிலோகலோரியோடு தாதுச்சத்துகளும் சேர்த்துத் தயாரிக்கப்பட்டது. குழந்தையின் எடையைப் பார்த்து நாளைக்கு எத்தனை பொட்டலம் என்று சொல்வார்கள். வீட்டில் மற்றப் பிள்ளைகள் அதைக் கேட்டு அழுவார்கள். அவர்களுக்கு வேறு ஏதாவது கொடுத்துச் சமாளியுங்கள், அந்தப் பொட்டலத்தை மட்டும் பங்கு போடாதீர்கள். அது அந்த ஒரு குழந்தைக்கான மருந்து.